உப்பு பார்க்கக் கூடாத சமையல்

எழுத எங்கே பழகினீர்கள் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. கேட்டவர் பெரிய வாசகசாலை ஒன்றையோ, தாடி வைத்த ஆசிரியர் ஒருவரையோ எதிர்பார்த்துக் கொண்டிருப்பார். விறகடுப்புக்குப் பக்கத்தில், ஈரக் கோணியின் மேல் குந்திக்கொண்டு, வாயைத் திறந்து காட்டிப் பழகினேன் என்றால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது அதுதான். இந்தப் பக்கங்களுக்கு உப்பு பார்க்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரிதான். முன்னால் தறி, பின்னால் அடுப்பு, நடுவில் இருக்கிற இடத்தில் மனிதர்கள். எங்கள் வீட்டில் நடுவில் இருந்தவர்கள் என் அம்மா, என் மனைவி, நான். அப்பா எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார். பகலில் நான் பட்டு நெய்வேன். தறிக்குழியில் கால் மரத்துப்போகும் நேரங்களில் எழுத்தாளன் ஆவேன். அந்தப் பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். நான் அனுப்பும் வேகத்தைவிடத் திரும்பி வரும் வேகம் அதிகம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும், ஊடை நூலை ராட்டினத்தில் குச்சிக்கு ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா தலையைத் தூக்காமலே சொல்லுவாள்: "போடா, உன் புள்ள பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துட்டான்."

தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். அவள் மாகறல் பக்கத்துப் பெண். சிரிப்பதற்குக் கதவு தேவைப்பட்ட புதுசு அது.

கல்யாணமான மறு வருஷம் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. வயிற்றில் பிள்ளை இருந்தது. காய்ச்சல் இறங்குவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்காவில் கூட்டி வந்தோம். கோபுரம் கண்ணில் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள், அன்று வழி நெடுக மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலைமுடி கைகையாகக் கொட்டியது. அதற்குப் பிறகு அம்மா தபால்காரர் மணிக்கு எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். கதைகள் மட்டும் நிறுத்தாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன.

உடம்பு தேறி அவள் அடுப்படிக்குத் திரும்பிய முதல் நாள் என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் எதையோ வைத்திருந்தாள்.

"இத்த வாயில போட்டுப் பாருங்க."

போட்டேன். "உப்பு."

"நல்லா கரிக்குதா?"

"உப்பு கரிக்காம இனிக்குமா?"

"எனக்கு மணலா இருக்குதுங்க."

புளியைக் கிள்ளி வாயில் போட்டாள். வெல்லத்தைக் கடித்தாள். பெருங்காய டப்பாவை மூக்கில் வைத்து இழுத்தாள். கடைசியாக ஒரு பச்சை மிளகாயைப் பாதியாகக் கடித்து மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "எரியுது. அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது அழப்போனால் வாயில் நகைச்சுவை வந்துவிடும். "நல்லதாப் போச்சு போ. எங்கம்மா வைக்கற ரசத்த இனிமே நீ தைரியமா குடிக்கலாம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தைக்குத் தெரிய வேணாம். வயித்துல இருந்தது போச்சு. வாயும் போச்சு. இந்த அடுப்பும் கைய வுட்டுப் போச்சுன்னா, இந்த ஊட்ல நான் யாருங்க?"

இந்தக் கேள்விக்கு நகைச்சுவை வரவில்லை.

நான்தான் அவளுக்கு நாக்கு என்று அன்றே ஏற்பாடு ஆனது. இதில் ஒரு சிக்கல். என் நாக்கைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. "அவனுக்கு வாயில இருக்கறது மரக்கட்டை. பசிச்சா பாவுக் கஞ்சியக்கூட குடிச்சிட்டு ஏப்பம் வுடுவான்" என்பாள் அம்மா. பாவுக் கஞ்சி என்பது தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளுக்கு விறைப்பு ஏற்றத் தெளிக்கிற சோற்றுக் கஞ்சி. உப்பு போடாதது. அதை நான் ஒரு தரம் குடித்தது உண்மைதான். ஏப்பம் விட்டேனா என்பது நினைவில்லை.

அம்மா முன்கட்டில் இருப்பாள். காது கூர்மை. அதனால் பேச்சு கூடாது, சைகைதான். உப்பு குறைவு என்றால் ஒரு இருமல், அதிகம் என்றால் தொண்டைக் கனைப்பு. கொஞ்ச நாள் இது நன்றாகவே நடந்தது. பிறகு எனக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. தறியில் உட்கார்ந்து நான் இருமிய ஒவ்வொரு இருமலுக்கும் அங்கே ஒரு சிட்டிகை விழுந்திருக்கிறது. மத்தியானம் அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"இன்னாம்மா இது? மாபல்லிபுரத்துக்குப் போயி கடலை மொண்டுகினு வந்தியா?"

"கை தவறிடுச்சி அத்தே."

அதற்குப் பிறகு அவள் என்னை அதிகம் நம்பவில்லை. காதையும் கண்ணையும் விரலையும் நம்ப ஆரம்பித்தாள். கடுகு வெடித்து அடங்கும் இடைவெளியில் வெங்காயம் போடுவாள். குழம்பு கொதிக்கும்போது முதலில் சளசளவென்று ஒரு சத்தம், பிறகு அது தடித்து, சேற்றில் கால் வைத்தது மாதிரி வேறொரு சத்தம். அந்த இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருந்து இறக்குவாள். ரசத்தில் நுரை கூடும் கணத்தில் கை தானாகப் போகும். உப்பை மூன்று விரலால் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, கொஞ்சத்தைத் திரும்பப் போட்டுவிடுவாள். காய்ச்சலுக்கு முன் தான் சமைத்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து திரும்பச் சமைத்தாள் என்று சொல்ல வேண்டும். தனக்கு ஒன்றும் கிடைக்காத சமையல். தட்டில் போட்டுக்கொண்டு, வேலை முடிக்கிறவள் மாதிரி மென்று விழுங்கிவிட்டு எழுந்து போவாள்.

பதிலுக்கு அவள் என் கதைகளைப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள். சாப்பாடு முடிந்த மத்தியானங்களில் சுவரில் சாய்ந்து, உதடு அசையப் படிப்பாள். அப்போது நான் எழுதிய கதை ஒன்றில் சென்னைப் பட்டணம் இருந்தது, கடற்கரை இருந்தது, மோட்டார் கார் இருந்தது, ஒரு விதவை இருந்தாள், துப்பாக்கிகூட ஒன்று இருந்தது. மூன்று சென்னைகளையும் முப்பது துப்பாக்கிகளையும் பார்த்தவன் மாதிரி எழுதியிருந்தேன். பார்த்தது சென்ட்ரல் ஸ்டேஷன் மட்டும். அதுவும் வெளியிலிருந்து.

படித்து முடித்துத் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். "எல்லாம் இருக்குது. சோறு மட்டும் இல்ல."

"இன்னா சோறு?"

"இந்தப் பொம்பள கதை பூரா அழுதுகினே இருக்கறா. எப்ப சாப்ட்டா? யார் ஆக்கிப் போட்டாங்க? ஒண்ணும் துன்னாம இவ்ளோ நேரம் அழ முடியாதுங்க. எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. உப்பு தெரியாதவள் எனக்குச் சொல்கிறாளா என்றுகூட ஒரு நொடி வந்தது. அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை, எனக்கோ நான் எழுதியது எல்லாமே ருசித்தது. இரண்டும் ஒரே வியாதி, அவளுக்கு அது இருப்பது அவளுக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. நாம் எழுதியதை நாமே ருசி பார்ப்பதற்கு மனுஷனுக்கு நாக்கு கொடுக்கப்படவில்லை. கொதிக்கிற சத்தத்தைக் கேட்கலாம், நிறத்தைப் பார்க்கலாம், முன்பு எப்போதோ நன்றாக வந்ததை நினைத்துக்கொண்டு கையை நீட்டலாம். அவ்வளவுதான். மீதி, சாப்பிடுகிறவன் முகத்தில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள், பிறகு மைலோ என்று ஒரு செஞ்சோளம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மாட்டுக்குப் போடுவது என்று தெருவில் பேச்சு. அந்த மாடுகளின் மேல் எனக்கு மரியாதை ஏற்பட்டது. என் மனைவிக்கு அது வேறு விதமான கஷ்டம். மைலோவை முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றாள்.

நாக்கு இருந்த காலத்தில் சாப்பிடாத பொருள். அது எப்படி இருக்கும், எதைச் சேர்த்தால் எப்படி மாறும் என்று தேடிப்போக உள்ளே ஒன்றும் இல்லை. களியாகக் கிண்டினாள், உப்புமாவாக உடைத்துப் போட்டாள், அடையாகத் தட்டினாள். ஒவ்வொரு தரமும் பரிமாறிவிட்டு, தண்ணீர்ச் செம்பைத் துடைக்கிற சாக்கில் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது. வறுமையில் பழகிய முகம். எது போட்டாலும் ஒரே மாதிரி மெல்லும்.

நானும் அந்த மாதங்களில் சென்னையை விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தெரிந்தது எது என்று பார்த்தால் தறி, அடுப்பு, வராமல் போன ஒரு பிள்ளை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு பாவு வந்தது. கல்யாணப் புடவைக்கானது, இரண்டு பக்கமும் அகலச் சரிகை. முதலாளி வீட்டு ஆள் கொண்டுவந்து கொடுக்கும்போதே, "பாத்துக்கோபா, பெரிய எடத்து ஆர்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவை விடியற்காலையில் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து நீவ வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆள் வந்து கை கொடுப்பார்கள். வெயில் ஏறும்போது இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக, கம்பி மாதிரி விறைத்து நிற்கும்.

அன்று எங்கள் வீட்டில் வடித்த கஞ்சி இரண்டு பானையில் இருந்தது. ஒன்று பாவுக்கு, உப்பில்லாதது. இன்னொன்று காலையில் நாங்கள் குடிக்க, உப்புப் போட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த வீட்டிலும் பெண்கள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். என் மனைவிக்கு அந்த வழி இல்லாததால் இடம் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மிக்கு இந்தப் பக்கம் பாவுப் பானை, அந்தப் பக்கம் குடிக்கிற பானை. பிசகியதே இல்லை.

இருட்டு பிரிவதற்கு முன் பானையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நாங்கள் தெளித்தோம். நீவினோம். வானம் மூட்டமாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. அடுத்தடுத்த வீட்டுப் பாவுகள் காய்ந்தன. எங்களுடையது காயவில்லை. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று, தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்கிறவள் கூந்தல் மாதிரித் தொங்கின.

எதிர்வீட்டு மாமா தெலுங்குக்காரர், எங்கள் தெருவில் பாவு விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. குனிந்து ஒரு இழையை விரலில் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு விரலை நாக்கில் வைத்தார்.

"ஏமிரா இது? உப்பு! பாவுக்குச் சோறா ஊட்டற நீ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன், பழக்கதோஷம். மாமா சிரிக்கவில்லை. சரிகை ஓரத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு பட்ட சரிகை இன்றில்லாவிட்டால் நாளை கறுக்கும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

என் மனைவி இன்னொரு பானையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்குக் குடிக்கக் கொண்டுவந்தது. அம்மா அவளிடம் போனாள். பானைக்குள் விரலை விட்டுத் தன் நாக்கில் வைத்தாள். உப்பில்லை.

"தொட்டு நாக்குல வச்சா தெரியாதாம்மா?" அம்மா கேட்டது கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டாள்.

"தெரியாது அத்தே."

"இன்னா தெரியாது?"

"எத்த வச்சாலும் தெரியாது. காய்ச்சல்லேர்ந்து தெரியாது."

தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு மாமா, மரியாதை தெரிந்த மனிதர், முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பாவை அலசிப் பார்த்தோம். அலசினால் போகிற காரியமா. முதலாளி வீட்டு ஆள் வந்து அள்ளிச் சுருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வெகுநாள் எங்களுக்குப் பாவு வரவில்லை. தறி வாயைத் திறந்துகொண்டு வெறுமனே கிடந்தது.

அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் எங்களுக்கு முன்பே எழுந்து அடுப்பை மூட்டிவிட்டாள், அவ்வளவுதான். அதற்கு மறுநாளும் அப்படியே. என் மனைவி குளித்துவிட்டு வந்து அடுப்படி நிலையில் கொஞ்ச நேரம் நிற்பாள். அம்மா திரும்ப மாட்டாள். பிறகு இவள் முன்கட்டுக்குப் போய் தார் ராட்டினத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். சுற்றுவதற்கு நூல் இல்லை. ராட்டினத்தை ஒரு பக்கம் ஒரு சுற்று விடுவாள், அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாப்பாடு குறைந்தது. நான் அதட்டினேன், கெஞ்சினேன், குரங்கு மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊட்டப் போனேன்.

"வுடுங்க. ஆக்கற வரைக்கும்தான் எனக்கு அது சோறு. அப்புறம் அது வெறும் எடைதான்" என்றாள்.

கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு எழும்பி, வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. மாகறலில் இருந்து அவள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் திதி வருகிறது, அது முடியட்டும் என்றாள் அம்மா. அண்ணன் திதி முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் வேறு வேலை இல்லாததால் மறுபடி எழுதினேன். எங்கள் வீட்டையே எழுதினேன். ஒரு பெண், ஒரு அடுப்பு, இரண்டு பானை. இதைவிட உண்மையாக எதையும் எழுதியதில்லை என்று எனக்கே புல்லரித்தது. அவளிடம் நீட்டினேன். படித்தாள். தாள்களை அடுக்கித் திரும்பக் கொடுத்தாள்.

"சோறு இருக்குது. யாரும் துன்னல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மறுபடி படித்துப் பார்த்தேன். கதை முழுக்க அவளுடைய துக்கத்தை நான் அழகழகாகப் பரிமாறிக்கொண்டே போயிருந்தேன். யாருடைய பசிக்கும் அதில் ஒரு வாய் இல்லை. அதைத் திருப்பி அனுப்பப் பத்திரிகை தேவைப்படவில்லை.

திதி வந்தது. செத்தவர்களுக்குப் படைக்கிற சமையலில் எங்கள் பக்கம் ஒரு கட்டு உண்டு. சமைக்கிறவர் எதையும் உப்பு பார்க்கக் கூடாது. நாக்கில் பட்டால் எச்சில். எச்சில்பட்டதை அவர்கள் தொட மாட்டார்கள் என்று நம்பிக்கை. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்பாள் அம்மா. கையளவில் போட்டு, கடவுள்மேல் பாரத்தைப் போட்டு இறக்க வேண்டியது. ஒவ்வொரு வருஷமும் அம்மாதான் செய்வாள்.

அன்று ஈரப்புடவையோடு அடுப்பை மூட்டிவிட்டு, அம்மா எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நிலையில் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, "வாம்மா" என்றாள்.

"எதுக்கு அத்தே?"

"இன்னிக்கி உப்பு பாக்கக் கூடாது. நீயும் பாக்கக் கூடாது, நானும் பாக்கக் கூடாது. நாக்கு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? நீயே செய்."

இவள் நகரவில்லை. அம்மா அடுப்புத் தீயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கி பானைய மாத்தி வச்சது நான்தான். கூரை ஒழுகிச்சி. தொட்டுப் பாத்துக்குவன்னு வுட்டுட்டேன்."

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா சரிகை வெளுத்துடுமா?"

இவள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அடுப்படிக்குள் காலை வைத்தாள்.

எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியில் உட்கார்ந்து சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடுகு. பிறகு கறிவேப்பிலை. வாழைக்காய் வதங்குகிற சத்தம். குழம்பின் சளசளப்பு, அது தடிக்கும்வரை நீண்ட இடைவெளி. இத்தனை நாளும் நான் கேட்காத சத்தங்கள். அம்மா சமைத்த மாதங்களில் அதே அடுப்பு வேறு மாதிரி கொதித்தது. கதைகளில் அவனவன் குரல், நடை என்று பேசுகிறார்களே, அப்படி ஏதோ ஒன்று அடுப்புக்கும் இருக்கிறது போல. இரண்டு தடவை கரண்டி கை தவறி விழுந்தது. அவள் கையில் பலம் இல்லை.

அப்பாவுக்கு இலை போட்டுப் படைத்தோம். காக்கை வந்து எடுத்தது. அதற்குப் பிடிக்காத வீட்டுச் சாப்பாடு இதுவரை நான் பார்த்ததில்லை, அதன் தீர்ப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். அவள் பரிமாறிவிட்டு, தண்ணீர்ச் செம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

குழம்பில் உப்பு இல்லை. குறைவு இல்லை, துளிக்கூட இல்லை. மரக்கட்டை நாக்குக்கே அது தெரிந்தது. வாழைக்காய்ப் பொரியலை எடுத்து வாயில் வைத்தேன். மாபல்லிபுரம். குழம்பின் உப்பும் அதிலேயே விழுந்திருக்கிறது. நான் தலையைத் தூக்கினேன். 'பிரமாதம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் இரண்டு நாளில் வரப்போகிறார். வேறு என்ன சொல்ல முடியும்?

அம்மா முந்திக்கொண்டாள்.

"கொழம்புல உப்பே இல்ல. பொரியல்ல ரெண்டு தபா போட்டிருக்கற."

செம்பைத் துடைத்த கை நின்றது. நான் அம்மாவை முறைத்தேன். அம்மா அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, "புளி?" என்று கேட்டாள் இவள்.

"புளி சரியா இருக்குது. வெந்தயம் தூக்கலு. கொஞ்சம் கசக்குது. பாயசம் நல்லாருக்குது, ஏலக்கா கொறைச்சிக்கோ. அந்தாளுக்கு ஏலக்கா ஆவாது."

அழப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வந்து என் இலைக்கு முன் குந்தினாள். பொரியலை அள்ளிக் குழம்புச் சோற்றின்மேல் போட்டாள். "ரெண்டயும் சேத்துப் பெசஞ்சி துன்னுங்க. சரியாப் போவும்" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து புரை ஏறியது. இவள் அம்மாவின் தலையில் தட்டினாள். பிறகு, யாரும் சொல்லாமல், தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் அம்மா ஒவ்வொன்றையும் எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அண்ணன் வந்து, மோர் குடித்துவிட்டு, தனியாகத் திரும்பிப் போனார்.

அதிலிருந்து அடுப்பு அவளுடையது, நாக்கு அம்மாவுடையது. மாமியாருக்கு நாக்கு நீளம் என்று பல வீடுகளில் மருமகள்கள் அழுதார்கள். எங்கள் வீட்டில் அந்த நாக்கை வைத்துத்தான் உலை கொதித்தது. அம்மா கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டுச் சொல்லுவாள்: கம்மி, தூக்கல், இன்னும் ஒரு கொதி. ஒரு நாளும் 'பரவாயில்ல' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பாவு மறுபடி வர ஆரம்பித்த பிறகு, என் கதைகளை இவள் உரக்கப் படிப்பாள், அம்மா தார் சுற்றிக்கொண்டு கேட்பாள். பாதியில் ராட்டினத்தின் வேகம் கூடினால் அந்த இடத்தில் கதை தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் அடித்து எழுதுவேன். மறுநாள் மறுபடி. இன்று கைவரவில்லை என்று சொல்லி ஓய்ந்திருக்க அடுப்புக்கு உரிமை இல்லை என்பதால், அதே வீட்டில் எனக்கும் அந்த உரிமை இல்லாமல் போனது.

தபாலில் போட்ட ஒரு கதை ஒரு முறை திரும்பி வரவில்லை. சைக்கிள் மணி எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் மணி தேய்ந்து மறைந்த பிறகு என் மனைவி சொன்னாள்: "உங்க புள்ள போன ஊர்லயே தங்கிட்டான் போலக்குது."

நானும் அம்மாவும் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். எங்களுக்கு அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை. அவள் நாக்குக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.

சில வருஷம் கழித்து அம்மா படுத்தாள். கடைசி வாரத்தில்கூட விரலில் ரசத்தைத் தொட்டு வாயில் வைத்தால் உதடு அசையும். 'கம்மி' என்கிறாள் என்று இவள் சொல்வாள். பிறகு உதடு அசையவில்லை.

காரியத்தன்று படையலை இவள்தான் செய்தாள். அடுப்படியில் தனியாக, ஒரு சத்தமும் தவறாமல். அம்மாவுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு, கருணைக்கிழங்கு, எல்லாம். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கடைசியாக ஓரத்தில் ஒரு கை உப்பைக் குவித்து வைத்தாள்.

"படையல்ல தனியா உப்பு வைக்கற வழக்கம் இல்லியேமா" என்றாள் உறவுக்காரி ஒருத்தி.

"தேவப்பட்டா போட்டுக்கட்டும். அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். காரிய வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "உப்பு?" என்று கேட்டாள்.

நான் வாயில் இருந்ததை இங்கும் அங்கும் தள்ளிப் பார்த்தேன். முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

"கம்மி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தையா இருந்தா, எவ்ளோ கம்மின்னு சொல்லியிருப்பாங்க."